ரைன் ஆற்றங்கரைக் கோட்டைகளுக்கு ஒரு நாள் பைக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலைக்கு வந்த தம்பிமார், ஊரிலிருந்து இரண்டு வாரம் வந்து தங்கும் உறவுக்காரர்கள், பக்கத்து ஊர்களில் இருக்கும் ஈழத்து நண்பர்கள் என்று பைக் ஓட்டத் தெரிந்த எல்லோரும் என்னிடம் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ரைன் ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடும் 65 கி.மீ. தூரத்தைப் பல வருடங்களாகச் சுற்றி வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பாதை அது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைத் தந்திருக்கிறேன்.

ஜெர்மனி முழுக்க கோட்டை இருக்கே, ஏன் ரைன் பக்கமே போகச் சொல்றீங்க?

ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் கோட்டைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இந்த 65 கி.மீ.க்குள் ஏறத்தாழ நாற்பது கோட்டைகள் இருக்கின்றன. ஒன்று கண்ணை விட்டு மறைவதற்குள் அடுத்தது மலை முனையில் தலை நீட்டும். 2002ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு தனிக் கட்டடத்துக்கு என்றில்லாமல் ஆறு, திராட்சைச் சரிவு, ஊர், கோட்டை எல்லாம் சேர்ந்த நிலப்பரப்புக்கே அந்தப் பட்டம்.

இன்னொரு காரணம் சாலை. ஆற்றின் இரு கரையிலும் தண்ணீரை ஒட்டியே சாலை போகிறது. காரில் போனால் கோட்டையைப் பார்க்கக் கழுத்தை வளைத்துக் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்க வேண்டும். பைக்கில் தலைக்கு மேல் கூரை இல்லை. நிமிர்ந்தால் போதும்.

புர்க்னு சில இடத்துல, ஷ்லோஸ்னு சில இடத்துல போர்டு இருக்கு. ரெண்டும் கோட்டைதானே?

புர்க் என்றால் காவலுக்காகக் கட்டிய கோட்டை. தடித்த சுவர், சின்ன ஜன்னல், ஏறிப்போகச் சிரமமான இடம். ஷ்லோஸ் என்றால் அரண்மனை. வசதிக்கும் அழகுக்கும் கட்டியது, பெரிய ஜன்னல்களும் தோட்டமும் இருக்கும். இவை தவிர ஃபெஸ்டுங் என்று மூன்றாவது ஒன்று உண்டு. பீரங்கி வந்த பிறகு கட்டிய ராணுவக் கோட்டை அது. கோப்லென்ஸுக்கு எதிரே மலைமேல் உட்கார்ந்திருக்கும் ஏரன்பிரைட்ஷ்டைன் அந்த வகை.

ரைன் கரையில் குழப்பம் வரக் காரணம், பழைய புர்க் இடிந்து கிடந்த இடத்திலேயே பிற்காலத்தில் ஷ்லோஸ் கட்டியிருக்கிறார்கள். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எந்த வழியா போறது? மொத்தம் எவ்வளவு தூரம்?

பிங்கனில் தொடங்குங்கள். ஆற்றின் இடது கரையில் பி 9 சாலையில் வடக்கே போங்கள். பாகராக், ஓபர்வேசல், சங்க்ட் கோவார், போப்பார்ட் தாண்டி கோப்லென்ஸ் வரும். அங்கே தெற்குப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, வலது கரையில் பி 42 பிடித்துத் தெற்கே திரும்புங்கள். லான்ஷ்டைன், பிரௌபாக், சங்க்ட் கோவார்ஸ்ஹௌசன், கௌப், லோர்ஷ், கடைசியில் ரூடஸ்ஹைம். அங்கிருந்து ஃபெர்ரியில் பிங்கன். சுற்று முழுக்க 130 கி.மீ. சொச்சம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பிங்கன் வர ஒரு மணி நேரம் தனி.

இந்தத் திசையில்தான் சுற்ற வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். இங்கே வண்டி ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். பி 9ல் வடக்கே போகும்போதும் சரி, பி 42ல் தெற்கே வரும்போதும் சரி, ஆறு உங்களுக்கு வலது கைப்பக்கம், நடுவில் எதிர்வண்டி இல்லாமல் இருக்கும். நிறுத்திப் பார்க்கும் இடங்களுக்கும் சாலையைக் குறுக்கே வெட்டாமல் ஒதுங்கிவிடலாம். எதிர்த்திசையில் சுற்றினால் நாள் முழுக்க லாரிகளுக்கு இடையில்தான் தண்ணீர் தெரியும்.

நடுவுல பாலமே இல்லையாமே, உண்மையா?

உண்மைதான். கோப்லென்ஸை விட்டால் அடுத்த பாலம் மைன்ஸ், வீஸ்பாடன் பக்கம்தான். சங்க்ட் கோவார் அருகே ஒரு பாலம் கட்டுவது பற்றிப் பல வருடங்களாகப் பேச்சு இருக்கிறது. பாரம்பரியக் காட்சி கெட்டுவிடுமோ என்ற வாதமும் கூடவே நடக்கிறது. அதுவரை ஃபெர்ரிதான். போப்பார்ட், சங்க்ட் கோவார், கௌப், நீடர்ஹைம்பாக், பிங்கன் ஆகிய இடங்களில் வண்டியோடு கடக்கலாம். நேரம் போதவில்லை என்றால் சங்க்ட் கோவாரிலேயே கடந்து சுற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரே நாள்ல எட்டு பத்து கோட்டை பார்த்துடலாமா?

சாலையிலிருந்து பார்ப்பது என்றால் இருபதுக்கு மேலேயே பார்ப்பீர்கள். உள்ளே போவது என்றால் இரண்டு. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். சுற்று ஓட்ட மட்டும் மூன்று, மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு கோட்டைக்கும் வண்டியை நிறுத்தி, பூட்டி, கனமான பூட்ஸோடு மலை ஏறி, உள்ளே சுற்றி இறங்க இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மூன்றாவது கோட்டையில் கால் கெஞ்சும், கண் எதையும் வாங்காது. திரும்பும் வழியில் களைப்போடு வளைவுகளை எடுப்பது ஆபத்தும்கூட. என் தேர்வு: காலையில் ரைன்ஃபெல்ஸ், மாலையில் மார்க்ஸ்புர்க். ஒன்று இடிந்தது, ஒன்று இடியாதது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் ஒன்று மற்றதை விளக்கும். இடிந்த இடத்தில் "இங்கே என்ன இருந்திருக்கும்" என்று காலையில் எழுந்த கேள்விக்கு மாலையில் பதில் நேரில் நிற்கும்.

இந்தியன் லைசென்ஸ் வெச்சு ஓட்டலாமா?

சுற்றுலாவாக வந்தால் ஓட்டலாம். ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு, அசல் லைசென்ஸையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். லைசென்ஸில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்க வேண்டும். கார் மட்டும் இருந்தால் பைக் கிடையாது. வாடகைக்கு விடுபவர்கள் வயது, எத்தனை வருட அனுபவம் என்றெல்லாம் தனி நிபந்தனை வைப்பார்கள். முன்பணமும் பிடிப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இங்கே குடியேறியவர்களுக்கு வேறு கணக்கு. குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் இந்திய லைசென்ஸ் செல்லும். அதன்பின் ஜெர்மன் லைசென்ஸ் எடுக்க எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் எழுதியாக வேண்டும். ஏழாவது மாதம் பழைய லைசென்ஸோடு ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். காப்பீட்டிலும் சிக்கல் வரும். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

அண்ணை, என்னட்ட ஜெர்மன் கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கு. 125 ஓடலாமோ?

வழி இருக்கிறது. பி 196 என்று கார் லைசென்ஸில் போட்டுத் தரும் ஒரு சேர்க்கை உண்டு. உங்களுக்கு 25 வயதாகி, கார் லைசென்ஸ் எடுத்து ஐந்து வருடமும் ஆகியிருந்தால், ஓட்டுநர் பள்ளியில் குறிப்பிட்ட பயிற்சி வகுப்புகளை முடித்தால் போதும், தேர்வு கிடையாது. 125 சிசி வரை ஓட்டலாம். ஆனால் அது ஜெர்மனிக்குள் மட்டும் செல்லும், எல்லை தாண்டக் கூடாது.

ரைன் கரைச் சாலைக்கு 125 சிசி தாராளமாகப் போதும். ஊருக்குள் 50, வெளியே அதிகபட்சம் 100, பல இடங்களில் 70தான் அனுமதி. பிங்கன் வரை வரும் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலைப் பகுதிதான் சின்ன வண்டிக்குச் சிரமம். அதற்கு ஊர்ச்சாலைகளைப் பிடியுங்கள். அரை மணி நேரம் கூடும், அவ்வளவுதான்.

ஊர்ல வாங்கின ஹெல்மெட்டைக் கொண்டு வரவா? ஜாக்கெட் கட்டாயமா?

சட்டப்படி கட்டாயம் ஹெல்மெட் மட்டும்தான், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. இங்கே எல்லோரும் இசிஇ என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள ஹெல்மெட்தான் போடுகிறார்கள். வாடகைக் கடையிலேயே கிடைக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் சட்டத்தில் இல்லை. ஆனாலும் போட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. காலை ஏழு மணிக்குப் பள்ளத்தாக்கில் மூடுபனி நிற்கும். ஆகஸ்டிலும் விரல் விறைக்கும். மனைவியோ தோழியோ பின்னால் வருவதாக இருந்தால் அவர்களுக்கும் முழு உடுப்பு வாங்கித் தாருங்கள். நம்மூரில் போல ஒரு பக்கமாக உட்காரும் பழக்கம் இங்கே கிடையாது.

ரோட்டு ரூல்ஸ்ல நம்ம ஆளுங்க எங்க மாட்டிக்கறாங்க?

மூன்று இடத்தில். ஒன்று, நெரிசலில் கார்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போவது. இங்கே அது குற்றம். கார்களோடு கார்களாக வரிசையில் நில்லுங்கள். இரண்டு, சந்திப்பில் அடையாளப் பலகை எதுவும் இல்லை என்றால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். மஞ்சள் வைரப் பலகை இருந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. மூன்று, பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

சிவப்பு வளையத்துக்குள் மோட்டார் சைக்கிள் படம் போட்ட பலகையையும் கவனியுங்கள். சத்தம், விபத்து காரணமாகச் சில மலைச் சாலைகளை பைக்குகளுக்கு மட்டும் மூடியிருப்பார்கள். சில இடங்களில் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் மட்டும். பலகைக்குக் கீழே சின்ன எழுத்தில் நாள் இருக்கும்.

இன்னொன்று, விதி அல்ல, பழக்கம். எதிரே வரும் பைக்காரர் இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரல் காட்டுவார். வணக்கம் என்று அர்த்தம். நீங்களும் காட்டுங்கள். வளைவில் என்றால் கையை எடுக்காமல் தலையசைத்தால் போதும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

ரோடு நல்லாத்தானே இருக்கும்? வேற என்ன ஆபத்து?

சாலை நல்ல சாலைதான். ஆனால் விரிசல்களை அடைக்கக் கறுப்புத் தார்ப் பட்டை ஒட்டியிருப்பார்கள். வெயிலில் இளகி, மழையில் கண்ணாடி மாதிரி வழுக்கும். வளைவில் அதன்மேல் சாய்ந்து பிரேக் பிடிக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை. டிராக்டர்கள் சரிவிலிருந்து மண்ணைச் சாலைக்கு இழுத்து வரும்.

வண்டியை நிறுத்தும்போதும் இதே கதைதான். ஒரு ஜூலை மதியம் வாகன நிறுத்தத்தில் வண்டியைப் பக்கத் தாங்கியில் விட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தாங்கி தாருக்குள் இரண்டு விரல் ஆழம் இறங்கி, வண்டி சாய்ந்து விழும் நிலையில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் எதுவும் சொல்லாமல் தன் பெட்டியிலிருந்து கைப்பிடி அளவு தட்டையான துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து என் பையிலும் ஒரு மரத்தட்டை இருக்கிறது. தாங்கிக்கு அடியில் வைத்தால் போதும்.

இவ்வளவு கோட்டை எதுக்குக் கட்டினாங்க? யார் கூட சண்டை?

சண்டையைவிட வசூல்தான் முக்கியக் காரணம். அந்தக் காலத்தில் தரைச் சாலைகள் மோசம், சரக்கு எல்லாம் ஆற்றில்தான் போகும். பள்ளத்தாக்கு குறுகல், கப்பல் ஒதுங்கித் தப்பிக்க இடமில்லை. கரையில் ஒரு நிலத்தின் உரிமை கிடைத்தவர் மேலே கோட்டை கட்டினார், கீழே சுங்கம் வைத்தார். ஒரு பிரபுவின் எல்லை முடிந்தால் அடுத்தவரின் சுங்கம். வணிகர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பணம் கட்டினார்.

சிலர் உரிமை இல்லாமலே பிடுங்கினார்கள். கொள்ளைக்காரப் பிரபுக்கள் என்று வரலாற்றில் பெயர். பிங்கனை விட்டதும் வரும் ரைஷன்ஷ்டைன், சோனெக் இரண்டும் அப்படிப்பட்டவர்களின் கூடாரம். 1282ல் ஹாப்ஸ்பூர்க் மன்னர் ருடால்ஃப் இரண்டையும் தகர்த்தார். நீங்கள் இன்று பார்ப்பது பின்னால் மீண்டும் கட்டியவை.

பிங்கனில் ஆற்றின் நடுவே தீவில் நிற்கும் எலிக் கோபுரத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பஞ்சத்தில் ஏழைகளைக் கொன்ற பேராயர் ஹாட்டோவை எலிகள் துரத்தித் தின்றன என்பது கதை. ஜெர்மனில் எலி மௌஸ், சுங்கம் மௌட். சுங்கக் கோபுரம் என்ற பெயர்தான் திரிந்து எலிக் கோபுரமாகி, பெயருக்கு ஏற்ற கதையும் பிறந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

முக்கால்வாசி இடிஞ்சு கிடக்கே, யார் இடிச்சது?

பெரும்பகுதி பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் படை. பஃபால்ட்ஸ் என்ற சிற்றரசின் வாரிசுரிமைக்காக 1688ல் தொடங்கிய போரில் இந்தப் பகுதி முழுக்க எரித்தும் வெடிவைத்தும் தள்ளினார்கள். 1689 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாகராக்கின் ஷ்டாலெக், கோப்லென்ஸ் பக்கத்து ஷ்டோல்சன்ஃபெல்ஸ் என்று விளக்கப் பலகைக்குப் பலகை அந்த ஆண்டு வரும். அதற்கும் முன்னால் முப்பதாண்டுப் போரில் அடிபட்டவையும் உண்டு. எஞ்சியவற்றில் சில, நூறு வருடம் கழித்துப் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது போயின.

அப்ப சில கோட்டை மட்டும் எப்படிப் புத்தம்புதுசா இருக்கு?

இரண்டாவது கேள்வியில் சொன்ன கலப்பு இதுதான். 1815க்குப் பிறகு ரைன்லாந்து என்ற இந்தப் பகுதி பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் இடிபாடுகளின் அழகில் மயங்காத ஓவியரோ கவிஞரோ இல்லை. பிரஷ்ய அரச குடும்பமும் மயங்கியது. இளவரசர் ஃபிரெட்ரிஷ் 1820களில் ரைன்ஷ்டைனைக் கட்டி எழுப்பினார். கோப்லென்ஸ் நகரம் 1823ல் ஷ்டோல்சன்ஃபெல்ஸ் இடிபாட்டைப் பட்டத்து இளவரசருக்கே பரிசாகக் கொடுத்தது. அவர் பின்னால் நான்காம் ஃபிரெட்ரிஷ் வில்ஹெல்ம் மன்னரானார். கட்டடக்கலைஞர் ஷிங்கலின் திட்டத்தை வைத்து அதை மஞ்சள் நிறக் கோடை மாளிகையாக்கி 1842ல் திறந்தார்கள்.

போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கட்டடங்களுக்கும் இருநூறு வயதாகிறது. 19ஆம் நூற்றாண்டு மனிதர்கள் இடைக்காலத்தைப் பற்றிக் கண்ட கனவு எப்படி இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. ஆனால் இடைக்காலம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் மார்க்ஸ்புர்க் போக வேண்டும்.

மார்க்ஸ்புர்க்ல அப்படி என்ன இருக்கு?

ரைனின் இந்தப் பகுதியில் மலைமேல் இருக்கும் கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது அது ஒன்றுதான். 1231ல் ஆவணத்தில் பெயர் வருகிறது. 1283ல் காட்சனெல்ன்போகன் என்ற பிரபுக் குடும்பத்தின் வசம் வந்தது. 1945 மார்ச்சில் எதிர்க்கரையிலிருந்து அமெரிக்கப் பீரங்கி சுட்டதில் சேதமானது, பழுது பார்த்துவிட்டார்கள். 1900ல் ஜெர்மன் கோட்டைகள் சங்கம் இதை வாங்கியது. இடிபாடுகளைக் கனவுப்படி கட்டாமல், இருப்பதை இருக்கிறபடி காக்க வேண்டும் என்று 1899ல் தொடங்கிய சங்கம் அது. இன்றும் அலுவலகம் அங்கேதான்.

உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள். வாசலைத் தாண்டியதும் பாறையையே செதுக்கிய படிக்கட்டு. குதிரையில் வந்தவர்கள் ஏறிய வழி. படிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறும், நடுவில் குழிந்து தேய்ந்திருக்கும். என் பூட்ஸ் அடி அங்கே வழுக்கிய முதல் நாள், இந்த வழியில் இரும்புக் கவசத்தோடு குதிரையை எப்படி ஏற்றினார்கள் என்று நின்றுவிட்டேன். பிறகு வரும் சமையலறையில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்குப் பெரிய அடுப்பு. கூடத்தில் ஒரு மூலையில் கதவு, திறந்தால் சுவருக்கு வெளியே தொங்கும் கழிப்பிடம், கீழே வெறும் மலைச்சரிவு. இப்படிப்பட்டவை எந்தக் கனவு மாளிகையிலும் கிடையாது.

ஆங்கிலச் சுற்று ஒரு நாளில் ஓரிரு முறைதான். நேரத்தை முதல்நாளே அவர்கள் இணையதளத்தில் பார்த்து, அதற்கேற்ப மற்ற நிறுத்தங்களை அமையுங்கள்.

ரைன்ஃபெல்ஸ் வெறும் இடிஞ்ச சுவர்தானே, அதுக்கு ஏன் ரெண்டு மணி நேரம்?

அந்தச் சுவர்களின் பரப்பைப் பார்த்தால் கேட்கமாட்டீர்கள். 1245ல் டீத்தர் என்ற காட்சனெல்ன்போகன் பிரபு கட்டியது. சுங்கத்தை அவர் ஏற்றியதும், பத்தே வருடத்தில் ரைன் நகரங்கள் கூட்டணி அமைத்து முற்றுகையிட்டன. ஒரு வருடத்துக்கு மேல் சுற்றி நின்றும் கோட்டை விழவில்லை. 1692ல் பிரெஞ்சுப் படை பெரும் எண்ணிக்கையில் வந்தும் முடியவில்லை. முந்தைய பதிலில் சொன்ன 1689க்குத் தப்பி நின்ற அபூர்வம் இது. அப்படிப்பட்ட கோட்டை 1794ல் ஒரு குண்டுகூடச் சுடாமல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் கைமாறியது. பின்னர் அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நீங்கள் பார்ப்பது போரில் தோற்ற கோட்டை அல்ல. அதனால்தான் அந்த இடிபாட்டில் நிற்கும்போது மனம் கனக்கிறது.

2029ல் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஜெர்மனியின் கூட்டாட்சித் தோட்டக் கண்காட்சி நடக்கப் போகிறது. அதற்காகப் பல இடங்களில் வேலை நடக்கிறது. கோட்டையின் சில பகுதிகளோ முழுக் கோட்டையுமோ மூடியிருக்கலாம். மூடியிருந்தால் மாற்றாக ரைன்ஷ்டைனுக்குப் போங்கள்.

ஆத்து நடுவுல வெள்ளையா கப்பல் மாதிரி நிக்குதே, அது என்ன?

கௌப் ஊருக்கு எதிரே இருக்கும் பஃபால்ட்ஸ்கிராஃபன்ஷ்டைன். பாறைத் தீவின் மேல் 1327 வாக்கில் பவேரிய லூட்விக் மன்னர் சுங்கத்துக்காகவே கட்டியது. ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து நிற்க முனை கூர்மையாக, கப்பலின் அணியம் போலவே இருக்கும். மேலே மலையில் குட்டன்ஃபெல்ஸ் கோட்டை, நடுவில் ஊர், ஆற்றில் இது. மூன்றும் சேர்ந்து கப்பல்களை மறித்தன.

1813 முடிந்து 1814 பிறந்த இரவில் பிரஷ்யத் தளபதி புளூஷர் இங்கேதான் மிதவைப் பாலம் போட்டுப் படையோடு ரைனைக் கடந்து நெப்போலியனைத் துரத்தினார். கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. தீவுக்குச் சின்னப் படகில் போகலாம், ஆற்று நீர் மட்டம் ஒத்துழைத்தால். நான் சொன்ன இரண்டு கோட்டைத் திட்டத்தில் இதற்கு நேரம் வராது. பி 42ல் வரும்போது மாலை வெயில் எதிர்க்கரையிலிருந்து விழும். கரையில் பத்து நிமிடம் நின்று பார்த்தாலே நிறைவு.

பூனைக் கோட்டை, எலிக் கோட்டைன்னு ரெண்டு இருக்காமே? லோரலை பாறை வேற?

சங்க்ட் கோவார்ஸ்ஹௌசனுக்கு மேலே இருப்பது காட்ஸ், பூனை. காட்சனெல்ன்போகன் என்ற குடும்பப் பெயரின் முதல் துண்டு அது. சற்று வடக்கே இருக்கும் எதிராளியின் கோட்டைக்கு மௌஸ், எலி என்ற பெயர் கேலியாக ஒட்டியதாகச் சொல்வார்கள். பூனைக் கோட்டை தனியார் சொத்து, உள்ளே விடமாட்டார்கள். சாலையிலிருந்து பார்க்கலாம்.

லோரலை ஆற்றிலிருந்து 132 மீட்டர் எழும் பாறை. ஆறு அங்கே ஒடுங்கி வளைவதால் கப்பல்கள் மோதி உடைந்தன. பாறைமேல் உட்கார்ந்து தலைவாரிப் பாடும் பெண்ணின் கதை அதிலிருந்து வளர்ந்தது. கீழே சாலையிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கலாம். வெறும் பாறைதான். மேலே ஏறும் சாலையில் போய் அங்கிருந்து ஆற்றைப் பாருங்கள், அந்த வளைவு புரியும். அந்த ஏற்றம் பைக்குக்கும் அருமை.

ஹெல்மெட், ஜாக்கெட்டை எல்லாம் எங்க வைக்கறது?

பெட்டி உள்ள வண்டியாக எடுங்கள். இல்லை என்றால் இரும்புக் கம்பிப் பூட்டு ஒன்று வாங்கி, ஜாக்கெட்டின் கை வழியாகவும் ஹெல்மெட்டின் தாடைப் பகுதி வழியாகவும் நுழைத்து வண்டியோடு பூட்டுங்கள். கடவுச்சீட்டு, பணம் எப்போதும் உடம்போடு. மார்க்ஸ்புர்க்கில் வாகன நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட ஏற்றம். பூட்ஸோடு ஏறலாம், தோல் கால்சட்டையோடு வியர்த்துவிடும்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா? வைன் ஊருன்னு சொல்றாங்க, ஒரு கிளாஸ் குடிக்கலாமா?

ஞாயிறு என்றால் கடைகள் மூடியிருக்கும். காலையில் பேக்கரி, பிறகு உணவகம், இல்லாவிட்டால் பெட்ரோல் நிலையம். சைவத்துக்கு உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த கார்டோஃபல்புஃபர், ஆப்பிள் கூழோடு தருவார்கள். நம் அடைக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஃப்ளம்கூகன் என்ற மெல்லிய சுட்ட ரொட்டி கேட்டால் பன்றி இறைச்சித் துண்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில்லறையாக யூரோ வைத்திருங்கள். கழிப்பிடத்துக்கும் ஃபெர்ரிக்கும் உதவும்.

வைன் வேண்டாம். சட்டம் 0.5 பெர் மில் வரை, அதாவது ரத்தத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு ஆல்கஹால் வரை விடுகிறது. 21 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும், லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் பூஜ்யம். ஆனால் இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு எல்லை பூஜ்யம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாகராக்கில் ஒரு பாட்டில் ரீஸ்லிங் வாங்கிப் பெட்டியில் வையுங்கள், வீட்டில் திறக்கலாம்.

எல்ட்ஸ் கோட்டையையும் சேர்த்துக்கலாமா? போட்டோல அதுதான் அழகா இருக்கு.

அழகில் அதற்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய 500 மார்க் நோட்டில் அச்சிட்ட கோட்டை அது. எண்ணூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. மற்றக் கோட்டைகளுக்கு ஏற வேண்டும், இதற்குக் காட்டுக்குள் இறங்க வேண்டும். மரங்கள் விலகியதும் கோபுரங்கள் உங்கள் கண்மட்டத்தில் நிற்கும். ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடும்பத்தின் மூன்று கிளைகளும் தனித்தனி வீடு கட்டி வாழ்ந்தன. பங்காளிகள் பிரிந்தும் சேர்ந்தும் இருந்த வீடு என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும்.

ஆனால் அது மோசல் ஆற்றின் பக்கம். கோப்லென்ஸிலிருந்து தனியாக 30 கி.மீ. போக வேண்டும். மேலே எத்தனை கோட்டை என்ற கேள்விக்குச் சொன்ன கணக்கில் அது இடிக்கும். இன்னொரு நாள் மோசல் ஆற்றோரம் ஓட்டிப் போய் அதை மட்டும் பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

டிஸ்னி லோகோ மாதிரி இருக்குமே, நோய்ஷ்வான்ஷ்டைன், அதுக்குப் போகாம எப்படி?

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 400 கி.மீ. போய்த் திரும்பவே ஒரு நாள் ஆகும். முனிக்கில் தங்கினால் போங்கள். ஆனால் அது இடைக்காலக் கோட்டை அல்ல. பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் 1869ல் கட்டத் தொடங்கிய ஷ்லோஸ். 1886ல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம் ஊர் ரயில்வே நிலையங்கள் பலவும் அதைவிட மூத்தவை.

எந்த மாசம் வரலாம்? மழை பெய்ஞ்சா?

மே, ஜூன், செப்டம்பர். சனி, ஞாயிறு தவிர்த்து வார நாளில் வாருங்கள். ஜூன் கடைசியில் டால் டோட்டால் என்ற விழா நடக்கும் ஞாயிறு அன்று இரு கரைச் சாலைகளையும் சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிடுவார்கள், மோட்டார் வண்டி போக முடியாது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சில சனிக்கிழமை இரவுகளில் ஆற்றில் வாணவேடிக்கை உண்டு. மாலையில் சாலை அடைத்துக்கொள்ளும். புறப்படும் முன் தேதியைப் பாருங்கள்.

தூறல் என்றால் போகலாம். ஈரத்தில் கறுத்த பலகைக்கல் கூரைகளின் அழகே தனி. இடியோடு கனமழை என்று சொல்லியிருந்தால் நாளை மாற்றுங்கள். ஈரத் தார்ப் பட்டை, ஈரப் பாறைப் படி இரண்டையும் மேலே சொல்லியிருக்கிறேன்.

ஃபெர்ரில பைக்கை எப்படி நிறுத்தறது? பயமா இருக்கு.

ஏறும் இரும்புத் தட்டு ஈரமாக இருக்கும். நேராக, மெதுவாக, பிரேக்கை இறுக்காமல் ஏறுங்கள். பணியாளர் காட்டும் இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, பக்கத் தாங்கியை இறக்குங்கள். வண்டியை விட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள், பக்கத்திலேயே முன் பிரேக்கைப் பிடித்தபடி நில்லுங்கள். பணம் வாங்க அவர்களே வருவார்கள். கடப்பது சில நிமிடங்கள்தான்.

ரூடஸ்ஹைம் வர்றதுக்குள்ள கடைசி ஃபெர்ரி போயிட்டா?

பதற வேண்டாம். பிங்கன் ரூடஸ்ஹைம் ஃபெர்ரி மற்றவற்றைவிட நேரம் கழித்தும் ஓடும். போய்விட்டாலோ, வெள்ளத்தில் நிறுத்தியிருந்தாலோ, பி 42லேயே கிழக்கே வீஸ்பாடன் வரை வாருங்கள். ஷீர்ஷ்டைன் பாலம் அங்கே. ஃபிராங்க்ஃபர்ட் போகிறவருக்கு அது எப்படியும் வீட்டுப் பாதைதான், ஃபெர்ரியே தேவையில்லை. பிங்கனில் அறை எடுத்தவர் மட்டும் பாலத்தைக் கடந்து மைன்ஸ் வழியாகத் திரும்ப வேண்டும், முக்கால் மணி நேரம் கூடும். ரூடஸ்ஹைமை விட்டுக் கிளம்பும் முன் பெட்ரோல் அளவைப் பாருங்கள். இங்கே முதலில் நீங்களே நிரப்பிவிட்டு, பம்பின் எண்ணைச் சொல்லி உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும்.